கோவிந்தம்மாவின் முடிச்சுகளும் என் பால்கனி பல்பும்

எழுபத்தொன்றாம் வருஷம் என் வீட்டு பால்கனியில் எரிந்த பல்பைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து, ரங்கூனுக்குப் போக வேண்டிய கப்பல் ஒன்று திசைமாறி வந்து எங்கள் கரைக்கு எதிரே நங்கூரம் போட்டது. கேப்டன் படகில் இறங்கி வந்து, என் கையால் ஒரு தம்ளர் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, “அம்மா, இவ்வளவு வெளிச்சத்தை நான் சிங்கப்பூரில்கூடப் பார்த்ததில்லை” என்று சொல்லிப் போனான்.

இது கொஞ்சம் மிகை. வந்தது கப்பல் இல்லை, அப்பாவுவின் கட்டுமரம். திசையும் மாறவில்லை, பீடிக்கு நெருப்புக் கேட்க வந்தான். காப்பி மட்டும் நிஜம், அதிலும் பாதி சிக்கரி.

நான் சொல்லச் சொல்ல இதை டைப் அடிப்பவள் ரத்னா. கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருக்கும் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் படித்த பெண். ஞாயிற்றுக்கிழமைகளில், இப்போது நான் குடியிருக்கும் பொன்னேரி வீட்டுக்கு வருவாள். கப்பல் நங்கூரம் போட்ட இடத்தில் அவள் விரல் நின்றது.

“இதையும் அடிக்கணுமா டீச்சர்?”

“அடி. அடுத்த பாராவில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.”

பொய் சொல்வதென்றால் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. இனிமேல் வரப்போவது நிஜம். அதனால்தான் காலையிலிருந்து இரண்டு தரம் காப்பி போட்டுக் குடித்துவிட்டும் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

நான் எழுத வந்தது ரத்னாவின் அம்மா கோவிந்தம்மாவைப் பற்றி. பழவேற்காட்டுக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில் இருபத்தைந்து குடிசை. நண்டோடைக் குப்பம் என்று பெயர். கோவிந்தம்மா விடிகாலையில் மீன் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போவாள். மத்தியானம் திரும்பி வந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிவாள். கை ஓடும், வாய் அதைவிட ஓடும். சந்தையில் மீனைத் திருப்பித் திருப்பி முகர்ந்து பார்க்கிறவர்களிடம், “இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா? தாம்பூலம் மாத்திக்கலாமா?” என்பாள். முகர்ந்தவன் வாங்காமல் போக முடியாது.

எழுத்துத் தெரியாது அவளுக்கு. நாள் கணக்கெல்லாம் வலை நூலில் முடிச்சுதான், நாளுக்கு ஒரு முடிச்சு. ஒரு தடவை என் அட்டெண்டன்ஸில் ரத்னாவுக்கு ஒரு நாள் குறைகிறது என்று நூலைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். எண்ணிப் பார்த்தோம். முடிச்சுதான் சரியாக இருந்தது. பேனாவைத் திறந்து திருத்தினேன். அன்றைக்கே எனக்கு அவள்மேல் ஒரு சின்ன எரிச்சல் விழுந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் திருவள்ளூர்க்காரி. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். நான் பி.எஸ்ஸி., பி.டி. என் அகத்துக்காரர் ஜகந்நாதனுக்கு இறால் கம்பெனியின் ஐஸ் பாக்டரியில் சூப்பர்வைசர் உத்தியோகம். எனக்குக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. கம்பெனி வரிசையில் பதினோரு வீடு கட்டியிருந்தது. ஐஸ் பாக்டரிக்கு இழுத்த கரண்ட்டு பதினோரு வீட்டுக்கும் வந்தது, குப்பத்துக்கு வரவில்லை. கடலைப் பார்த்த மாடி வீடு எங்களுடையது மட்டும்தான்.

அந்த பால்கனியில் இருநூறு வாட் பல்பு போட்டேன். பொழுது சாய்ந்தால் சுவிட்சைத் தட்டுவேன். விடிந்த பிறகுதான் அணைப்பேன். அங்கே உட்கார்ந்து படித்தோமா, பேசினோமா என்றால் ஒன்றுமில்லை. கொசு உட்கார விடாது. யாருமே இல்லாத பால்கனியும், கீழே குரோட்டன்ஸ் தொட்டியும், மல்லிகைப் பந்தலும் ராத்திரி முழுக்கப் பளபளத்துக்கொண்டிருக்கும். காலையில் தரையெல்லாம் செத்த விட்டில்களை முறத்தில் அள்ளிக் கொட்டுவேன். நாங்கள் வந்த புதிதில் தோப்பில் மின்மினி அப்பிக்கிடக்கும். இரண்டு வருஷத்தில் எங்கள் பக்கத்து மரங்களில் ஒன்றுகூட இல்லை. விஞ்ஞானம் படித்தவளுக்கு அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. டீச்சரம்மா வீட்டில் விளக்கு எரிகிறது என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அந்த எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் கோவிந்தம்மாவின் புருஷன் திருமலையின் வலையில் பெரிய ஆமை ஒன்று சிக்கி, மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துப்போனது. உயிரோடு சிக்கினால் முதுகில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, “போய்ட்டு வா பெருமாளே” என்று கடலில் விட்டுவிடுவார்கள். செத்துப்போனால் அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த வீட்டு வலையைக் கழற்றி மூங்கிலில் தொங்கவிட வேண்டும். கரையில் ஆமை முட்டையிட்ட குழி ஒன்றை அந்த வீட்டார் காவல் காக்க வேண்டும். பொரிந்து வரும் குஞ்சுகளில் ஒன்றே ஒன்றாவது கடல் தண்ணீரில் இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் அன்றைக்கே வலை இறங்கலாம். பார்க்காவிட்டால் அடுத்த வருஷப் பருவம் வரை திருமலைக்குக் கடல் இல்லை. இன்னொருத்தன் கட்டுமரத்தில்கூட அவனை ஏற்ற மாட்டார்கள்.

மாசி பிறந்ததும் ஆமை ஒன்று கரையேறி, கோவிந்தம்மாவின் குடிசைக்கும் என் வீட்டு கேட்டுக்கும் நடுவே முட்டையிட்டுவிட்டுப் போனது. கோவிந்தம்மா குழியைச் சுற்றி நாலு குச்சி நட்டாள். இருட்டினால் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அங்கேயே படுப்பாள், நாயையும் நரியையும் விரட்ட. புது நூலில் முதல் முடிச்சு விழுந்தது. நாற்பத்தெட்டு முடிச்சு, ஒரு மண்டலம் என்பது அவள் கணக்கு.

பத்தாவது முடிச்சோ என்னவோ, ஒரு சாயங்காலம் என் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். எப்போதும் வெளியேதான் நிற்பாள். உள்ளே வா என்று நானும் சொன்னதில்லை.

“டீச்சரம்மா, அந்த மேல் பல்ப கொஞ்சம் நிறுத்தேன்.”

“ஏன், உனக்குத் தூக்கம் வரலையா?”

“எனக்கு இன்னா, நான் இடி விழுந்தாலும் தூங்குவேன். குஞ்சுக்கு சொல்றேன். குழிய வுட்டு வெளிய வந்தா அதுக்குக் கடலு எதுன்னு தெரியாது. எங்க வெளுப்பா கீதோ அங்க போவும். இருட்டுல தண்ணிதான் வெளுப்பு. இப்ப உன் பல்பு அத்தவிட வெளுப்பா கீதே.”

ஐஸ் பாக்டரி ஷிப்ட் முடிந்து போகிற நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் எனக்கு நாக்கு நீளும். “அப்படியா கோவிந்தம்மா? சூரியனையும் கொஞ்சம் ஆப் பண்ணச் சொல்லட்டுமா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கோவிந்தம்மாவும் சிரித்தாள். “சூரியனுக்கு சுவிட்சு இல்ல டீச்சரம்மா. உனக்குக் கீது” என்று சொல்லிவிட்டுப் பாயை விரிக்கப் போய்விட்டாள்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

நாற்பத்தாறாவது முடிச்சன்று ரத்னாவுக்குக் கொதிக்கிற காய்ச்சல். பிதற்ற ஆரம்பித்துவிட்டாள். திருமலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். கூடப் போகிற அவசரத்திலும் கோவிந்தம்மா என் கேட்டுக்கு ஓடிவந்தாள்.

“ராத்திரி நான் இருக்கமாட்டேன் டீச்சரம்மா. நாய ஓட்ட அப்பாவு ஊட்டு ஆயாவ உக்கார வெச்சுக்கீறேன். அதுக்குக் காதுதான் கேக்கும், கண்ணு தெரியாது. இன்னிக்கு ஒரு ராத்திரி அந்த பல்ப அணைச்சுடு. எப்ப வேணா வந்துடும்.”

“சரி, நீ போய்க் குழந்தையைப் பார்” என்றேன்.

“அணைச்சுடுவியா?”

“அணைச்சுடறேன்.”

அணைக்கத்தான் இருந்தேன். அன்றைக்குக் கடைசி பஸ்ஸில் என் அக்கா செங்கமலவல்லி வந்து இறங்கினாள், திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டவள். வந்து காலைக்கூட அலம்பவில்லை. “எங்காத்துல கூடத்துல, ரேழில, கொல்லைல எல்லாம் டியூப் லைட் போட்டாச்சுடி” என்று ஆரம்பித்தாள். என் கை தானாகச் சுவிட்சுக்குப் போயிற்று.

பால்கனிக்கு வந்து பார்த்தவள், “ஏண்டி வைதேஹி, தெப்பத்துக்குக்கூட இவ்வளவு வெளிச்சம் இல்லையே!” என்றாள். அந்த ஒரு வார்த்தை காதில் இனித்துக்கொண்டே இருந்தது. இனித்தபடியே தூங்கிப்போனேன். அகத்துக்காரருக்கு அன்றைக்கு ராத்திரி ஷிப்ட்.

காலையில் எழுந்து, வழக்கம்போல் தசாவதார சுலோகத்தை முணுமுணுத்துக்கொண்டே வாசல் கதவைத் திறந்தேன். மச்சம் முடிந்து கூர்மத்துக்கு வந்திருந்தேன்.

தோட்டம் முழுக்க ஆமைக் குஞ்சுகள். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத உருப்படிகள். கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்திருக்கின்றன. குரோட்டன்ஸ் வேரில், கிணற்றடிச் சாக்கடையில், பால்கனிக்கு நேர்கீழே சுவரில் முட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாய். முக்கால்வாசி செத்து எறும்பு மொய்த்துக் கிடந்தது. காக்கைகள் சுவரில் வரிசை கட்டியிருந்தன. மேலே பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது முதலில் என்ன தோன்றியது என்று சொல்ல வாய் கூசுகிறது. ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. கோவிந்தம்மா நினைவே வரவில்லை. வீட்டுக்குள் ஆமை வந்துவிட்டதே என்றுதான் தோன்றியது. ஆமை வந்த வீடு விளங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. செங்கமலவல்லி எழுந்து பார்த்தால் திருவள்ளூரில் என் மாமியார் காதுக்குப் போய்விடும். சாந்தி, ஹோமம் என்று ஆரம்பித்து, இந்த வீடே வேண்டாம் என்பதில் போய் முடியும். ஒரு கோவிந்தம்மாவின் நம்பிக்கையைப் பார்த்துச் சிரித்த பி.எஸ்ஸி. விளக்குமாற்றைத் தேடி ஓடினாள்.

முறத்தில் அள்ளினேன். பந்தலுக்குப் பின்னால் மண்வெட்டியால் பள்ளம் வெட்டி உள்ளே தள்ளினேன். சிலது அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத்தான் அவ்வளவு வேகமாக மண்ணைத் தள்ளினேன்.

தண்ணீர் தெளித்துப் பெருக்கி முடிக்கவும் கோவிந்தம்மா கேட்டுக்கு வரவும் சரியாக இருந்தது. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். ரத்னாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, திருமலை கூட இருக்கிறான் என்று சொன்னாள். இடுப்பில் நாற்பத்தாறு முடிச்சு நூல் தொங்கியது.

“குழி காலியா கீது டீச்சரம்மா. ஆயா ஒண்ணும் கேக்கலன்னுது. கடலுப் பக்கம் ஒரு தடமும் இல்ல.” அவள் கண் கேட்டுக்கு அடியில் போயிற்று. “இந்தப் பக்கம் எதுனா வந்துச்சா?”

“வரலையே.”

“நீயே பெருக்கினியா?”

“வேலைக்காரி வரலை.”

அந்தச் சமயம் பார்த்துக் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். ஒன்றை விட்டுவிட்டிருக்கிறேன். கோவிந்தம்மா தொட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“எலியா டீச்சரம்மா?”

“ஆமாம், எலிதான். பேஜாரு பண்றது.”

உள்ளேயிருந்து செங்கமலவல்லியின் குரல்: “யாருடி வாசல்ல?”

“மீன்காரி.”

“நம்மாத்துல மீன்காரிக்கு என்ன வேலை?”

“வழி தவறி வந்துட்டா” என்றேன்.

கேட்டுக்கும் எனக்கும் நாலடி தூரம். கோவிந்தம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நூலை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அந்த ஒரு குஞ்சு உயிரோடு இருந்தது. கடல் அங்கிருந்து நூறு தப்படி. கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, “கோவிந்தம்மா, இதோ ஒன்று” என்று கூப்பிட்டிருந்தால் போதும்; அவள் கண்ணெதிரே அது தண்ணீரில் இறங்கியிருக்கும், அன்றைக்கே திருமலையின் வலை மூங்கிலிலிருந்து இறங்கியிருக்கும். ஒன்றே ஒன்று போதும் என்ற கட்டுப்பாடு எனக்கும் தெரியும். ஆனால் அதைக் கையில் எடுத்தால் மற்றது எங்கே என்று கேட்பாளே. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடினேன். அக்கா போகட்டும், இருட்டட்டும், யாரும் பார்க்காமல் கொண்டுபோய் விடலாம் என்று நினைத்தேன்.

பங்குனி வெயில். சாயங்காலம் பக்கெட்டைத் தூக்கியபோது அது அசையவில்லை. பக்கெட்டின் தகரம் கையைச் சுட்டது.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் பல்பைப் போட்டேன். ஆமாம், போட்டேன். திடீரென்று அணைத்தால் ஏன் அணைத்தாள் என்று கேட்பார்களே. மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாளும். என் பொய்க்குக் காவலாக அது வருஷம் முழுக்க எரிந்தது.

“இந்த வருசம் எறங்கல” என்று மட்டும் கோவிந்தம்மா குப்பத்தில் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. திருமலை எளாவூருக்குப் போய், செக்போஸ்ட் பக்கம் லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில் சேர்ந்தான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவான். வந்தால் குளித்துவிட்டு, தொங்குகிற வலைக்கு அடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். என் பால்கனியிலிருந்து அது நன்றாகத் தெரியும். அவ்வளவு வெளிச்சம்.

அடுத்த மாசியில் கோவிந்தம்மா வேறு குழி பார்த்து, வேறு நூல் எடுத்தாள். இந்தத் தடவை முடிச்சை மட்டும் நம்பி உட்காரவில்லை. பழைய மண்ணெண்ணெய் டின்களைத் திருமலை ஊருக்கு வந்தபோது பாதியாக வெட்டச் சொல்லி, கடல் பக்கம் மூடியும் கீழ்ப்பக்கம் திறந்தும் பல்புக்குப் போடுகிற மாதிரி மூடி செய்தாள். கூடையில் மீனுக்குப் பதில் டின் மூடிகளைச் சுமந்துகொண்டு கம்பெனி வரிசையில் வீடு வீடாகப் போனாள்.

“இத்த மாட்டிக்கோ. வெளிச்சம் உன் கால்கிட்ட வுழும். பாம்பு தெரியும், படி தெரியும். அதுக்கு மேல உனக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்? நட்சத்திரத்துக்குக் கண்ணு தெரியலியா?”

சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். படுக்கப் போகும்போது வெளி விளக்கை அணைக்காத வீட்டு வாசலில் நின்று, “இன்னாமா, பல்பு உனக்குக் காவலா, நீ பல்புக்குக் காவலா?” என்று கத்துவாள். வாய்க்குப் பயந்தே வரிசை இருண்டது. பங்குனிக் கடைசியில் ஒரு விடிகாலை, குஞ்சுகள் குழியிலிருந்து நேராகக் கடலுக்கு நடந்ததாம். குப்பமே நின்று பார்த்ததாம். நான் போகவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

திருமலை கடலுக்குத் திரும்பினான். ஒரு வருஷம் மூட்டை தூக்கியதில் வலது தோள் இறங்கிப்போயிருந்தது. வீச்சு வலை வீசினால் முன்போல் வட்டமாக விரியாது. ஒரு பக்கம் மடங்கித்தான் விழும். “லாரிக்காரன் வலை” என்று அப்பாவு கேலி செய்வான். திருமலையும் சிரிப்பான்.

கோவிந்தம்மா இன்றைக்கும் மாசி வந்தால் மூடிக் கூடையைத் தூக்குகிறாள். பொன்னேரிச் சந்தை வழியில் என்னைப் பார்த்தால், “நல்லா கீறியா டீச்சரம்மா, நாஷ்டா ஆச்சா?” என்கிறாள். எலியைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் என்றைக்கோ சொல்லி முடித்திருப்பேன். இதை ரத்னா அவளுக்குப் படித்துக் காட்டப்போகிறாள். நேரில் சொல்ல எனக்கு முகம் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் என் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். அந்த இரண்டாவது வருஷம், வரிசையில் முதல் மூடியை வாங்கிக்கொண்டவள் நான்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி, என் கையாலேயே அந்த இருநூறு வாட் பல்புக்கு மாட்டினேன்.

டைப் சத்தம் நின்றுவிட்டது. பக்கெட் வந்த இடத்தில்கூட நிற்காத சத்தம்.

“டீச்சர்” என்றாள் ரத்னா. அவள் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மொத ஊடு இல்ல, கடைசி ஊடு. அம்மா மூணு வாட்டி வந்துச்சு. மூணு வாட்டியும் நீங்க உள்ளாற இருந்துக்கினே, ஊர்ல இல்லன்னு சொல்லச் சொன்னீங்க. நாலாவது வாட்டி அது வரல, என்னிய அனுப்பிச்சு. ஸ்டூல் மேல ஏறி மாட்டினது நான். நீங்க கீழ நின்னு ஸ்டூலப் புடிச்சுக்கினு இருந்தீங்க.” காகிதத்தை ஒரு வரி மேலே ஏற்றிவிட்டு, “ஆடாம புடிச்சீங்க. அத்த வேணா எழுதிக்கோங்க” என்றாள்.